பசியாற வேண்டியது பிள்ளை, தட்டு அன்று

மலேசியத் தமிழர் நமக்கு ஓர் அருமையான சொல் வாய்த்திருக்கிறது. காலையில் ஒருவரையொருவர் கண்டால், "பசியாறிட்டீங்களா?" என்றுதான் நலம் விசாரிக்கிறோம். அச்சொல்லைச் சற்றே பிரித்துப் பாருங்கள். ஆற வேண்டியது பசி. அந்தப் பசி உண்பவருடையது. அஃது ஆறியதா, இன்னும் இருக்கிறதா என்பதை அறியக்கூடியவரும் அவர் ஒருவரே. பக்கத்தில் நிற்பவருக்கு அது தெரியாது.

பெரியவர்களிடம் இவ்வளவு நாகரிகமாகக் கேட்கத் தெரிந்த நாம், பிள்ளைகளிடம் வேறு கேள்வியையே கேட்கிறோம். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையிலும் பாலர்பள்ளியிலும் வீட்டிலும் அவர்கள் செவியில் விழுவது, "தட்டு காலியா? ஏன் மிச்சம் வச்சிருக்கே? முடி!" என்பதே. இந்தக் கட்டளையை ஆசிரியர்களும் பெற்றோரும் அறவே கைவிட வேண்டும் என்பது என் வாதம். அதைக் கைவிடுவதற்கு முன்பாக, அந்தத் தட்டில் எவ்வளவு போடுகிறோம், எதைப் போடுகிறோம் என்பதைத் திருத்த வேண்டும் என்பதும் அவ்வாதத்தின் பகுதியே. சிலருக்கு இது கசக்கும். அதற்காகச் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

முதலில் அளவைப் பார்ப்போம். முதலாம் ஆண்டில் காலடி வைக்கும் ஏழு வயதுப் பிள்ளையின் எடை ஏறக்குறைய 23 கிலோ. ஆறாம் ஆண்டில் படிக்கும் பன்னிரண்டு வயது மாணவனின் எடை ஏறக்குறைய 40 கிலோ. இருவரும் இடைவேளையில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒரே அகப்பையால், ஒரே தட்டில், ஒரே விலைக்கு மீகூன் விழுகிறது. சீருடை வாங்கும்போது தோள் அளவு பார்க்கிறோம். காலணி வாங்கும்போது பிள்ளையை நடக்கவிட்டுப் பார்க்கிறோம். வயிற்றுக்கு மட்டும் எல்லாருக்கும் ஒரே அளவு என்று யார் முடிவு செய்தது? யாரும் முடிவு செய்யவில்லை. அகப்பை முடிவு செய்தது!

சிற்றுண்டிச்சாலை நடத்துகின்ற அக்காமாரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. விடியற்காலையில் அடுப்பு மூட்டி, நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சமைத்து, பள்ளிக்கு வாடகையும் கட்டி, பள்ளி ஒப்புக்கொண்ட விலைக்குமேல் ஒரு சென்னும் கேட்க முடியாமல் தொழில் செய்கிறவர்கள் அவர்கள். விலை உயர முடியாத இடத்தில், தட்டில் உள்ள பண்டம்தான் மாறும். அரிசி, மீ, மீகூன், மாவு ஆகியவை மலிவானவை. முட்டை, மீன், கீரை, பழம் ஆகியவை விலை கூடியவை. "கொடுத்த காசுக்குத் தட்டு நிறைந்திருக்கிறதா?" என்று பெற்றோர் பார்ப்பார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆகவே மலிவான பண்டம் மேடாகக் குவிகிறது. அதன் உச்சியில் பொரித்த நகெட் ஒன்று கொடிபோல் நிற்கிறது. காய்கறி என்பது மீகூனில் ஒளிந்திருக்கும் இரண்டு கேரட் துண்டு. அதையும் பிள்ளை தேடி எடுத்து ஓரத்தில் வைத்துவிடுகிறது.

சுகாதார அமைச்சு, 'சூக்கு சூக்கு செபாரோ' என்று நாடெங்கும் பரப்பிவரும் தட்டுப் படத்தை அறியாத ஆசிரியர் இருக்க முடியாது. தட்டில் கால்பங்கு சோறு முதலிய மாவுப்பண்டம், கால்பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு, மீதி அரைப்பங்கு காய்கறியும் பழமும் என்பதே அதன் கணக்கு. நலக்கல்விப் பாடத்தில் பிள்ளைகள் இதனை வரைந்து, வண்ணம் தீட்டி, முழு மதிப்பெண் பெறுகிறார்கள். பிறகு மணியடிக்கிறது. சிற்றுண்டிச்சாலைக்குச் சென்று, முக்கால் தட்டு மீகூனைப் பெறுகிறார்கள். பாடநூல் சொல்வதைச் சிற்றுண்டிச்சாலை பொய்யாக்குகிறது. பிள்ளை எதை நம்பும்? கண்ணால் காண்பதைத்தான்.

இந்தக் குவியலின்மேல்தான் நம்முடைய கட்டளையும் ஏறி அமர்கிறது. கடமை ஆசிரியராக நின்றவர்கள் கண்டிருப்பார்கள். முதலாம் ஆண்டுப் பெண்பிள்ளை ஒருத்தி, பாதித் தட்டை உண்டு முடித்து, "டீச்சர், வயிறு நெறஞ்சிருச்சு" என்கிறாள். "இன்னும் நாலு வாய்தான், முடி" என்று பதில் வருகிறது. பிள்ளை எதிர்த்துப் பேசவில்லை. ஒரு கவளத்தை வாயிலிட்டு, கன்னத்தில் ஒதுக்கி, மணியடிக்கும் வரை விழுங்காமலேயே அமர்ந்திருக்கிறாள். பின்னர் கைகழுவும் தொட்டியில் துப்புகிறாள். ஒரு கவளச் சோறு காப்பாற்றப்பட்டதா? இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொண்டாள்: தன் வயிறு சொல்வதற்கு மதிப்பில்லை, டீச்சர் சொல்வதற்குத்தான் மதிப்பு.

இது என் கற்பனைப் பயம் அன்று. இத்துறையில் ஆய்வுகள் பல நடந்துள்ளன. 1987-இல் அமெரிக்காவில் லியன் பர்ச் என்ற உளவியலாளரும் உடன்பணியாளர்களும் பாலர் வயதுப் பிள்ளைகளை இரு குழுவாகப் பிரித்தனர். ஒரு குழுவினரிடம் பசிக்கிறதா, வயிறு நிறைந்ததா என்று பேசினர். மற்றக் குழுவினரிடம் தட்டில் எவ்வளவு மீதம், முடித்தால் என்ன பரிசு என்று பேசினர். முதற்குழுப் பிள்ளைகள், ஆற்றல் மிகுந்த உணவை முன்னதாக உண்டிருந்தால் பின்னர்த் தாமாகவே குறைத்து உண்டனர். இரண்டாம் குழுவினரிடம் அந்தத் திறம் காணப்படவில்லை. தட்டைப் பார்க்கக் கற்றவர்கள் வயிற்றைக் கேட்க மறந்தார்கள் என்பதே இதன் பொருள்.

2000-ஆம் ஆண்டில் பார்பரா ரோல்ஸ் என்பவர் பர்ச்சுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இன்னும் சுருக்கென்று தைக்கக்கூடியது. தட்டில் உணவின் அளவைக் கூட்டிக்கொண்டே போனபோது, மூன்று வயதுப் பிள்ளைகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. தமக்கு வேண்டியதை உண்டு நிறுத்திக்கொண்டனர். ஐந்து வயதுப் பிள்ளைகளோ, கூடக் கூடக் கூட உண்டனர். மூன்று வயதில் வயிற்றின் பேச்சைக் கேட்கும் பிள்ளை, ஐந்து வயதில் தட்டின் பேச்சைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. இடைப்பட்ட ஈராண்டில் அதனைக் கற்பித்தவர் யார்? ஆய்வாளர்கள் அப்படிக் குற்றஞ்சாட்டவில்லை. நான் சாட்டுகிறேன்: நாம்தாம்!

2003-இல் அதே குழுவினர், ஜெனிபர் ஃபிஷருடன் சேர்ந்து நடத்திய மற்றோர் ஆய்வில், வயதுக்கேற்ற அளவைப்போல் இருமடங்கு முதன்மை உணவைப் பரிமாறியபோது, பிள்ளைகள் அவ்வுணவில் 25 விழுக்காடு கூடுதலாக உண்டனர். அவர்களையே எடுத்துப் போட்டுக்கொள்ள விட்டபோது, பெரிய அளவு பரிமாறப்பட்ட நாளைக்காட்டிலும் 25 விழுக்காடு குறைவாகவே உண்டனர். பிள்ளைகள் தாமாக எடுத்தால் அள்ளிக் கொட்டிக்கொள்வார்கள் என்று அஞ்சுகிறோமே, அந்த அச்சத்திற்கு இதுவே விடை.

காய்கறி உண்ணாத பிள்ளையை வற்புறுத்தினால்தானே உண்ணும் என்று கேட்பவர் உண்டு. 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பாலர் வயதுப் பிள்ளைகளுக்குச் சூப் கொடுத்து, "குடித்து முடி" என்று ஒரு பிரிவினரை வற்புறுத்தினர். வற்புறுத்தப்படாத நிலையில்தான் பிள்ளைகள் கூடுதலாகக் குடித்தனர். சூப்பைப் பற்றிய குறைகளும் குறைவாகவே வந்தன. வெண்டைக்காயைத் தண்டனையாக மாற்றிவிட்டு, பிள்ளை வெண்டைக்காயை வெறுக்கிறது என்று புலம்புவதில் பயனில்லை.

"தட்டில் சோறு வைத்து எழாதே" என்ற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அது பசியிலிருந்து வந்தது. இருள் பிரியுமுன் பால்மரம் வெட்டச் சென்ற தலைமுறையின் பழக்கம் அது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் காலத்தில் அரிசி கிட்டாமல், மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்று உயிர்பிழைத்தவர்கள் நம் தாத்தா பாட்டிமார். அவர்கள் மங்கில் ஒரு பருக்கை மிஞ்சினால் கலங்கினார்கள் என்றால், அதற்குக் காரணம் இருந்தது. அடுத்த வேளை உறுதியில்லை. அவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் அவர்கள் மங்கில் இருந்தது கிழங்கும் கீரையும் கருவாடும். அதை உண்டபின் அவர்கள் நடந்தது பல மைல். நம் பிள்ளையின் தட்டில் இருப்பது எண்ணெயில் பொரித்த மாவு. அதை உண்டபின் அது அமர்வது வகுப்பில், பிறகு பள்ளி வேனில், பிறகு பிரத்தியேக வகுப்பில், பிறகு கைப்பேசியின் முன்னால். பசிக்காலத்துச் சட்டத்தை மிகைக்காலத்துப் பிள்ளையின்மேல் ஏற்றுவது முறையா?

நம் இலக்கியமும் இதில் நம் பக்கம் இல்லை என்பது வேடிக்கை. திருவள்ளுவர் 'மருந்து' என்று பெயரிட்ட 95-ஆம் அதிகாரத்தில் மூலிகை எதையும் கூறவில்லை. முன்பு உண்டது செரித்ததை அறிந்து, பசித்தபின், அளவறிந்து உண்பதையே திரும்பத் திரும்பக் கூறுகிறார். ஆத்திசூடியில் ஔவையாரும் மிகையாக உண்பதை விரும்பாதே என்கிறார். இவற்றை மனனம் செய்வித்துப் போட்டி நடத்திப் பரிசு கொடுக்கிற நாமே, இடைவேளையில் வள்ளுவருக்கு எதிராக நிற்கிறோம். பரிசு என்றதும் நினைவுக்கு வருகிறது: அந்தப் பரிசும் பெரும்பாலும் மிட்டாய்ப் பொட்டலமாகவே இருக்கிறது!

"ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அளவு பற்றிப் பேசுவது கொடுமையல்லவா? அந்தப் பிள்ளைக்கு அன்றைய நல்ல உணவே பள்ளியில்தானே?" என்று சக ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி, இதற்கு விடை சொல்லாமல் நழுவக்கூடாது. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு இரண்டு செய்திகளை ஒருங்கே கூறியது. ஐந்து வயதுக்குட்பட்ட மலேசியப் பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். 5 முதல் 17 வயது வரையிலானவர்களில் 29.8 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடற்பருமனோ உடையவராக இருந்தனர். ஒரே நாட்டில், சில வேளைகளில் ஒரே வீட்டில், இரண்டும் நிகழ்கின்றன. வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு வேண்டியது இன்னோர் அகப்பை மீகூன் அன்று. முட்டை வேண்டும், மீன் வேண்டும், பால் வேண்டும், பருப்பு வேண்டும். நான் குறைக்கச் சொல்வது குவியலை, உணவை அன்று.

அதனால்தான் சிறிய அளவு பரிமாறுவதோடு, இரண்டாம் முறை கேட்கும் உரிமையும் பிள்ளைக்கு வேண்டும் என்கிறேன். அஃது இல்லாமல் அளவைக் குறைத்தால், அது வெறும் கஞ்சத்தனம். "இன்னும் கொஞ்சம் வேணும் அக்கா" என்று எந்தப் பிள்ளையும் கூச்சமின்றிக் கேட்கவும், கேட்டால் மறுகாசு வாங்காமல் போடவும் வேண்டும். கூடுதல் உணவுத் திட்டத்தில் உண்ணும் பிள்ளைக்கு இது மிகமிகப் பொருந்தும். தீபகற்பத்தில் அத்திட்டத்திற்கு ஒரு மாணவருக்கு அரசு வழங்கும் தொகையை 2022-இல் 2.50 ரிங்கிட்டிலிருந்து 3.50 ரிங்கிட்டாக உயர்த்தினார்கள். அந்தக் கூடுதல் ஒரு ரிங்கிட் தட்டில் என்னவாக வந்து சேர்கிறது? சோறாகவா, மீனாகவா? பெற்றோர் ஆசிரியர் சங்கம் கேட்க வேண்டிய கேள்வி அது. யாரும் கேட்டு நான் கண்டதில்லை.

மற்றோர் எதிர்ப்பு வீண்விரயம் பற்றியது. "தட்டில் விட்டால் குப்பைக்குத்தானே போகும்?" ஆம், போகும். ஆனால் அந்த விரயம் பிறந்தது பிள்ளையின் நாவில் அன்று, அகப்பையில். 23 கிலோ பிள்ளைக்கு 40 கிலோ பிள்ளையின் பங்கைப் போட்டபோதே அது விரயமாகிவிட்டது. அதன்பின் அதைக் குப்பைத்தொட்டியில் கொட்டினாலும் விரயம்தான், பிள்ளையின் வயிற்றில் கொட்டினாலும் விரயம்தான். பிள்ளையின் வயிறு குப்பைத்தொட்டிக்கு மாற்று இல்லை என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

சீனி பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. அதனை எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஒரே ஒரு கணக்கு மட்டும். ஒரு நாளின் மொத்த ஆற்றலில் சேர்க்கப்பட்ட சீனி 10 விழுக்காட்டுக்குக் குறைவாகவும், இயன்றால் 5 விழுக்காட்டுக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வழிகாட்டியது. நாளொன்றுக்கு 1600 கிலோகலோரி உண்ணும் சிறுபிள்ளைக்கு அந்த 5 விழுக்காடு என்பது 20 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டி. 100 மில்லிலிட்டரில் 10 கிராம் சீனியுள்ள 250 மில்லிலிட்டர் பெட்டிப் பானம் ஒன்றைக் குடித்தால் 25 கிராம். முதல் பாடம் முடியுமுன்னரே அன்றைய கணக்கு முடிந்தது. பிறகு சரியான விடைக்கு ஆசிரியர் தரும் மிட்டாய், நண்பனின் பிறந்தநாள் அணிச்சல், வாயிலுக்கு வெளியே நிற்கும் ஐஸ்கிரீம் வண்டி. முப்பது பேர் படிக்கும் வகுப்பில் ஆண்டுக்கு முப்பது பிறந்தநாள்! ஒரு பென்சிலோ ஒரு கதைப்புத்தகமோ கொடுத்தால் பிறந்தநாள் குறைந்துவிடுமா?

நாம் ஏன் மற்றவரைக்காட்டிலும் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும்? அதே 2019 ஆய்வின்படி, மலேசிய இந்தியரில் பெரியவர்களுள் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் மொத்த அளவு 18.3 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். நம் குடும்பங்களில் இனிப்புநீர் இல்லாத வீட்டை எண்ணிச் சொல்லுங்கள் பார்ப்போம். கால் விரல் எடுத்த மாமா, சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று நாள் செல்லும் பெரியம்மா என்று ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் இருக்கிறார். மரபணுவில் நமக்குச் சாய்வு இருக்கலாம். அகப்பையில் இருப்பது மரபணு அன்று.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. பருமனான பிள்ளையை வகுப்பில் "குண்டு" என்று அழைத்துவிட்டு, அதனை அக்கறை என்று எண்ணும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். உடற்கல்வியில் எடை பார்க்கும்போது, எண்ணை உரக்கப் படித்துச் சிரிப்பவர்களும் இருக்கிறார்கள். ஒல்லியான பிள்ளையின் தாயைப் பார்த்து, "பிள்ளைக்குச் சோறு போடுறியா இல்லையா?" என்று கேட்கும் உறவினர் எல்லார் குடும்பத்திலும் உண்டு. அந்தக் கேள்விக்கு அஞ்சியே எத்தனை தாய்மார் கைப்பேசியைக் காட்டி, படம் ஓடும் நேரத்தில், பிள்ளைக்குத் தெரியாமலேயே அதன் வாயில் சோற்றைத் திணிக்கிறார்கள்! தாய்மாரைக் குறைசொல்லுமுன், அந்தக் கேள்வியைக் கேட்பவரின் வாயை அடைக்க வேண்டும்.

எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர் பல ஆண்டுகளாக வலியுறுத்திவரும் முறை ஒன்று உண்டு. எதை, எப்போது, எங்கே உண்பது என்பது பெரியவர் பொறுப்பு. எவ்வளவு உண்பது, உண்பதா வேண்டாமா என்பது பிள்ளையின் பொறுப்பு. நாம் இதனைத் தலைகீழாகச் செய்கிறோம். எதை உண்பது என்பதைப் பிள்ளையின் அடத்துக்கு விட்டுவிட்டு, எவ்வளவு உண்பது என்பதில் போய் மல்லுக்கு நிற்கிறோம். நகெட் கேட்டால் நகெட் வாங்கித் தருகிறோம். அதில் ஆறையும் முடி என்று மிரட்டுகிறோம்.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. பெரியவர் தட்டில் பிள்ளைக்குப் பரிமாறாமல், சிறிய தட்டு ஒன்றை ஒதுக்கலாம். சோறு, பிள்ளை தன் கையை மூடிக் காட்டினால் எவ்வளவோ அவ்வளவில் தொடங்கலாம். பாலர்பள்ளி வயதுக்கு, வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்ற அளவில் ஒவ்வொரு பண்டத்தையும் வைத்து, கேட்டால் மேலும் போடலாம். காய்கறியை முதலில் வைத்துச் சோற்றைப் பின்னர் வைக்கலாம். பிள்ளை "போதும்" என்றால், அந்த ஒரு சொல்லோடு பேச்சு முடிய வேண்டும். அடுத்த வேளை பசித்தால் உண்ணும். நடுவில் பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டாமல் இருப்பதுதான் நமக்குக் கடினம்.

பள்ளியில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. ஆனால் அதற்குக் கூட்டம் கூட வேண்டியிருக்கிறது. சிற்றுண்டிச்சாலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது, இரண்டு அகப்பைகள் வேண்டும் என்று எழுதச் செய்யலாம்: கீழ்நிலை மாணவருக்குச் சிறியது, மேல்நிலை மாணவருக்குப் பெரியது. சிறிய தட்டுக்குக் குறைந்த விலை. மறுமுறை கேட்டால் இலவசம். ஒவ்வொரு தட்டிலும் ஒரு கரண்டி காய்கறியும் ஒரு துண்டுப் பழமும் கட்டாயம். அதற்காக நடத்துநருக்கு ஏற்படும் செலவை ஈடுகட்ட, மாத வாடகையில் ஒரு பகுதியைக் குறைக்கலாம். வாடகையைக் குறைக்காமல் பழத்தை மட்டும் கேட்பது நடத்துநரை ஏமாற்றுவதாகும். கடமை ஆசிரியருக்கான குறிப்பேட்டில், "உண்டு முடித்தார்களா எனக் கண்காணிக்கவும்" என்ற வரி எங்கேனும் இருந்தால், அதனை அடித்துவிட்டு, "பசியாறினார்களா எனக் கேட்கவும்" என்று மாற்றி எழுதலாம்.

எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக்கூட்டத்திற்கு இதனைத் தீர்மானமாக எழுதி அனுப்பவிருக்கிறேன். ஓர் அகப்பைக்காகத் தீர்மானமா என்று சிரிக்கிறவர்கள் இருப்பார்கள். சிரித்து முடித்தபின் கையை உயர்த்தினால் போதும்.